காந்தள் கேட்டால் லில்லி வருவது ஏன்?
ஏஐ இயற்கை ஓவியம்: வாசகர் கேள்வி–பதில்

பூ, இலை, பறவை, பூச்சி இவற்றைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு வரைகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை. பெரும்பாலான பதில்கள் எழுதிய சொற்களைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்ப மென்பொருள்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில்தான் ஒவ்வொரு திருகையும் நாமே திருகிப் பார்க்க முடியும்.

கேள்வி: செங்காந்தள் பூ வரையச் சொன்னால் ஒவ்வொரு முறையும் சிவப்பு லில்லிதான் வருகிறது. விவரத்தைக் கூட்டி எழுதினாலும் மாறவில்லை. என்ன செய்வது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இந்த மென்பொருள்கள் இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் ஆங்கில விளக்க வரிகளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவை. அந்தக் குவியலில் லில்லி ஏராளம், காந்தள் அபூர்வம். அதிலும் பல படங்களில் காந்தளின் பெயரே 'ஃப்ளேம் லில்லி', 'குளோரி லில்லி' என்றுதான் இருக்கும். ஆகவே இயந்திரம் தனக்குப் பழகிய பக்கமே சாய்கிறது.

முதலில் பூவை நன்றாகப் பாருங்கள். காந்தளுக்கு ஆறு இதழ்கள். பூ தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் மட்டும் பின்னோக்கி மடங்கி மேலே எழும்பி நிற்கும். இதழின் ஓரம் நெளிநெளியாக இருக்கும். அடி மஞ்சள், நுனி சிவப்பு. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூலகத் தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பிவிடும். லில்லியில் இது கிடையாது. காந்தளை அடையாளம் காட்டுவதே இந்தத் திருப்பம்தான். இலையின் நுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும்.

இவ்வளவையும் சொற்களில் எழுதினாலும் பாதிதான் படத்தில் ஏறும். உருவத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். நிறம், ஒளி, மேற்பரப்பு ஆகியவற்றை மட்டும் இயந்திரத்திடம் விடுங்கள். அதற்குத்தான் கண்ட்ரோல்நெட் இருக்கிறது. மாடலை, அதாவது படம் வரையப் பழகிய கோப்பை, நாம் தரும் உருவத்தைப் பின்பற்ற வைக்கும் துணைக் கோப்பு அது. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் பூவின் கோட்டுருவத்தை வரையுங்கள். நீங்கள் எடுத்த புகைப்படத்தின் மேல் ஒரு லேயர் போட்டு டிரேஸ் செய்தாலும் சரி. நிழல் விழாமல் நேர் மேலிருந்து படம் எடுத்து, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, நீள அகலம் 1024 பிக்சல் அளவுக்குக் கொண்டுவந்து கோட்டுப்படத்துக்கான லைன்ஆர்ட் வகைக் கண்ட்ரோல்நெட்டில் ஏற்றுங்கள். வெயிட் (கோட்டுக்குக் கட்டுப்படும் அளவு) 0.7 முதல் 0.9 வரை. எந்தக் கட்டத்தில் பிடியை விட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 0.65 போடுங்கள். வெயிட் 0.5க்குக் கீழே போனால் லில்லி திரும்பி வரும். 1.0 வைத்துக் கடைசிவரை பிடித்திருந்தால் கோட்டுக்குள் வண்ணம் நிரப்பிய குழந்தைகள் புத்தகம் போலத் தட்டையாகிவிடும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். லைன்ஆர்ட் மாடல் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டை எதிர்பார்ப்பது. உங்கள் படம் அதற்கு நேர்மாறாக இருப்பதால் 'இன்வெர்ட்' தேர்வைச் சொடுக்க வேண்டும். மறந்தால் கோடு எடுபடாமல் படம் குழம்பும். இன்னொன்று, கண்ட்ரோல்நெட் கோப்பும் அடிப்படை மாடலும் ஒரே தலைமுறையாக இருக்க வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5க்கான கோப்பை அதன் பிந்தைய தலைமுறையான எஸ்டிஎக்ஸ்எல்லோடு சேர்த்தால் பிழைச்செய்திதான் வரும்.

படம் வந்ததும் இதழையும் மகரந்தத் தாளையும் விரல் விட்டு எண்ணுங்கள். சூலகத் தண்டு நேராக நின்றால் அந்த இடத்தை மட்டும் மாஸ்க் செய்து, சரியான கோட்டைத் தூரிகையால் தோராயமாக வரைந்து, மாஸ்க் செய்த பகுதியை மட்டும் மறுபடி வரையும் இன்பெயின்ட்டில் டீநாய்ஸ் அளவை (எவ்வளவு மாற்றி வரையலாம் என்பது) 0.4 முதல் 0.5க்குள் வைத்து ஓட்டுங்கள். படம் முழுவதையும் மறுபடி எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: பிராம்ப்ட்டை, அதாவது படம் கேட்டு எழுதும் வரியை, தமிழில் எழுதலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: சாட்ஜிபிடி, ஜெமினி போல உரையாடல் வழியே படம் தருபவற்றில் தாராளமாக எழுதலாம், தமிழ் அவற்றுக்குப் புரியும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, எஸ்டிஎக்ஸ்எல் இரண்டிலும் பயன் இல்லை. அவற்றின் சொல் படிக்கும் பகுதி ஆங்கில விளக்கங்களில் பழகியது. ஒரு வீச்சில் அது படிப்பது 75 சொல்துண்டுகள்தான். ஒரே தமிழ்ச் சொல் அங்கே பல துண்டுகளாக நொறுங்கி, பொருளும் இல்லாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

நம்மூர்த் தாவரங்களுக்கு ஆங்கிலப் பொதுப்பெயரையும் நம்பாதீர்கள். 'பாம் ட்ரீ' என்று கேட்டால் தென்னைதான் வரும். பனை வேண்டுமென்றால் 'பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபர்' என்ற அறிவியல் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, அதனுடன் விசிறி வடிவ ஓலை, கருஞ்சாம்பல் நிற மரம், உருண்டைத் தலை என்று தோற்றத்தையும் எழுதுங்கள். வரக் கூடாதவற்றை எழுதும் நெகட்டிவ் பிராம்ப்ட்டில் தென்னையையும் இறகு வடிவ ஓலையையும் சேருங்கள். அப்போதும் மூன்றில் ஒன்றாவது தென்னையோலையோடு வந்தால் வியக்க வேண்டாம், கோட்டுருவம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சியை ஏஐ மூலம் பெரிய படமாகப் போட நினைக்கிறோம். பார்க்க அழகாக வந்திருக்கிறது. போடலாமா? (ஆசிரியை, தென்காசி)

பதில்: இனத்தை அடையாளம் காட்டும் படமாகப் போடாதீர்கள். 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட இனம் அது. பிள்ளைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் அதைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் உணர்கொம்புகள் அந்துப்பூச்சிக்கு உள்ளதுபோல இறகாக விரிந்திருக்கின்றன. வண்ணத்துப்பூச்சிக்கு அவை மெலிந்து நுனியில் குமிழோடு முடிய வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஆறு கால்களும் தெரிகின்றன. தமிழ் மறவன் நிம்ஃபாலிடே குடும்பம். முன்னங்கால்கள் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டியிருக்கும், ஊன்றி நிற்பது நான்கு கால்களில்தான். இடது சிறகின் கோலமும் வலது சிறகின் கோலமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இயந்திரம் 'வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும் பரப்பு' ஒன்றை நிரப்புகிறது. காலை எண்ணுவதும் சிறகை ஒப்பிடுவதும் அதன் வேலையில் இல்லை.

பூச்சிக்கு உண்மையான புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரினப் படங்கள் பகிரப்படும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பலர் வணிக நோக்கமில்லாத பயனுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமக் குறிப்பு இருக்கும். பார்த்து, எடுத்தவர் பெயரைப் போடுங்கள். பின்னணிக் காடு, தலைப்புப் பட்டை, ஓரச் சித்திரம் இவற்றை ஏஐயில் செய்யலாம். 'ஏஐ உருவாக்கியது' என்பதைப் படத்துக்குள்ளேயே சிறு எழுத்தில் பதியுங்கள். வெளியே எழுதினால் முதல் முறை யாராவது வெட்டிப் பகிரும்போதே அது போய்விடும்.

கேள்வி: சூரியகாந்தியின் நடுவில் விதைகள் சுழலும் அழகு என் படங்களில் ஒருபோதும் வருவதில்லை. புள்ளிகள் கலைந்து கிடக்கின்றன. (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த ஒழுங்கு கணக்கிலிருந்து வருவது. ஒவ்வொரு புதிய விதையும் முந்தியதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி முளைக்கிறது. அதனால்தான் இரு பக்கமும் சுழலும் வரிசைகளை எண்ணினால் 34, 55 போல அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்கள் கிடைக்கின்றன. டிஃப்யூஷன் மாடலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதை நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

1979-இல் வோகல் தந்த எளிய சூத்திரம் போதும். n-ஆவது விதையின் கோணம் n × 137.508 பாகை, மையத்திலிருந்து தூரம் ஒரு மாறிலி × n-இன் வர்க்கமூலம். 1024 பிக்சல் சதுரத்தில் 600 விதைகளுக்கு மாறிலி 20 வைத்தால் கடைசி விதை மையத்திலிருந்து 490 பிக்சலில் நிற்கும், சட்டத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆரம் 12 பிக்சல். பைத்தான் நிரல்மொழியில் இது பத்து வரி, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் செய்யலாம். கோணத்தை 137 என்று முழுமையாக்கிவிடாதீர்கள். அரைப் பாகை குறைந்தாலே இருபக்கச் சுழற்சி போய், ஒரே பக்கம் வளையும் கம்பிகளாகப் பிரிந்துவிடும்.

இந்தப் புள்ளிப்படத்தைச் சற்றே மங்கலாக்கி ஆழப்படமாகவோ (மேடு பள்ளத்தை வெண்மை கருமையால் காட்டுவது), அப்படியே கேனி விளிம்புப் படமாகவோ கண்ட்ரோல்நெட்டில் கொடுங்கள். வெயிட் 0.8. விதை எண்ணிக்கையை 2,000க்கு மேல் ஏற்ற வேண்டாம். காரணம் இருக்கிறது: இந்த மாடல்கள் படத்தை நேரடியாக வரைவதில்லை. 8க்கு 8 பிக்சல் பரப்பை ஒரே கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருங்கிய வடிவில்தான் வேலை செய்கின்றன. 2,000 விதை என்றால் ஒரு விதைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 19 பிக்சல். அதாவது இரண்டரைக் கட்டம்கூட இல்லை. அங்கே விதைகள் குழையத் தொடங்கும். தூரத்து மரத்தின் இலைகள், பறவையின் நக நுனி, கூட்டத்தின் கடைசி வரிசை முகம் எல்லாம் கெடுவதற்கும் இதே காரணம்தான். நுணுக்கம் வேண்டிய பகுதியைத் தனியாகப் பெரிதாக்கி வரைந்து ஒட்டுங்கள்.

கேள்வி: என் தோட்டத்து இலைகளையும் கொடிகளையும் கொண்டே ஒரு மாடலைப் பழக்க ஆசை. எத்தனை படம் வேண்டும்? எப்படி எடுப்பது? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: முழு மாடலைப் பழக்க வேண்டியதில்லை. லோரா என்ற சிறு இணைப்புக் கோப்பு போதும். 20 முதல் 30 நல்ல படங்கள் தேவை. 200 சுமாரான படங்களைவிட 25 தெளிவான படங்கள் மேல்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம்; பலன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. காலை ஒளியிலோ மேகமூட்டத்திலோ எடுங்கள். உச்சி வெயிலில் இலை நரம்புகள் வெளுத்து மறையும், அந்த வெளுப்பையும் லோரா கற்றுக்கொள்ளும். போனில் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். அது பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும்போது மெல்லிய கொடி நுனிகளை அறுத்துவிடும். பிறகு நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு கொடியும் நுனி அறுந்தே பிறக்கும். கிட்டத்தில் சில, எட்டத்தில் சில, மேலிருந்து, அடியிலிருந்து, தளிர், முற்றல், பழுப்பு, பூச்சி அரித்தது என்று கலந்து எடுங்கள். பின்னணியும் மாறட்டும். எல்லாப் படமும் ஒரே சுவர் முன்னால் இருந்தால் இலையோடு அந்தச் சுவரும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு விளக்க வரி எழுத வேண்டும். அகராதியில் இல்லாத ஒரு சொல்லை உங்கள் இலைக்குப் பெயராக வைத்து எல்லா வரியும் அதில் தொடங்கட்டும். பிறகு, மாற வேண்டியவற்றை எழுதுங்கள்: சிமென்ட் சுவர், ஈரமான தரை, பக்கவாட்டு ஒளி, நெருங்கிய காட்சி. மாறக் கூடாதவற்றை எழுதாதீர்கள். இலையின் பற்கள், நரம்பு, சிவந்த காம்பு ஆகியவற்றை வரியில் குறிப்பிட்டால் அவை அந்தப் பெயரோடு ஒட்டாமல் தனித்தனிச் சொற்களோடு போய்விடும். புதிதாகச் செய்கிறவர்கள் தலைகீழாக எழுதுவது இந்த இடத்தில்தான்.

பழக்கும் மென்பொருளின் அமைப்புகளில் எஸ்டிஎக்ஸ்எல்லுக்கு நல்ல தொடக்க அளவு: தெளிவு 1024, ரேங்க் 16, ஆல்ஃபா 8, கற்றல் வேகம் 0.0001, பேட்ச் 1. 25 படங்கள், ஒவ்வொன்றும் 10 முறை, 8 சுற்று. ஆக 2,000 படிகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கோப்பைச் சேமியுங்கள். முடிந்ததும் ஒரே பிராம்ப்ட், ஒரே சீட் எண்ணில் (படத்தின் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிக்கும் எண்) எட்டுக் கோப்புகளையும் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலை பொதுவான இலையாகவே இருந்தால் போதவில்லை. நிறம் கருகி, நீங்கள் எடுத்த புகைப்படமே திரும்பி வந்து, 'இரவு', 'மழை' என்று கேட்டாலும் பொருட்படுத்தாவிட்டால் அளவு மீறிவிட்டது. பெரும்பாலும் கடைசிச் சுற்று சிறந்ததாக இருக்காது. ஐந்தாவது, ஆறாவதைப் பாருங்கள். பயன்படுத்தும்போது வெயிட் 0.7 அல்லது 0.8 போதும்.

கேள்வி: இந்தத் துறையில் யாருடைய படைப்புகளைப் பார்த்துக் கற்கலாம்? (மாணவர், சென்னை)

பதில்: ஆன்னா ரிட்லரிலிருந்து தொடங்குங்கள். 2018-இல் நெதர்லாந்தில் இருந்தபோது அவர் துலிப் பூக்களை 10,000 புகைப்படங்களாக எடுத்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் கையால் குறித்தார். அந்தப் புகைப்படத் தொகுப்பையே ஒரு படைப்பாகச் சுவரில் காட்சிக்கு வைத்தார். அதைக் கொண்டு பழக்கிய மாடலிலிருந்து துலிப் மலரும் காணொளிகளைச் செய்தார். தரவைச் சேர்ப்பதே கலைவேலை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர் வேறு ஒருவரைச் சொல்வது கடினம். சோஃபியா கிரெஸ்போ இல்லாத உயிரினங்களை வரைகிறார். அவை இல்லாதவை என்பதை மறைப்பதில்லை. ரெஃபிக் அனடோலின் பிரம்மாண்டமான திரைகளைப் பலரும் வியக்கிறார்கள். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு ரிட்லரின் வழிதான் கைக்கு எட்டும்.

கேள்வி: எந்த அளவு கம்ப்யூட்டர் வேண்டும்? மின்சாரம் அதிகம் இழுக்குமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: 1.5 வகைக்கு 4 ஜிபி நினைவகமுள்ள என்விடியா கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓட்டலாம். எஸ்டிஎக்ஸ்எல்லுக்கு 8 ஜிபி, லோரா பழக்க 12 ஜிபி இருந்தால் நிம்மதி. கார்டே இல்லை என்றால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இணையக் கணினியை எடுங்கள். படம் எடுப்பது, விளக்க வரி எழுதுவது எல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு, பழக்குவதற்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

மின்சாரத்தை நீங்களே கணக்கிடலாம். 200 வாட் இழுக்கும் கார்டு ஒரு படத்துக்கு 30 நொடி ஓடினால், ஒரு யூனிட்டில் 600 படம். மாடல் படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்குகிறது. சிக்கனம் வேண்டுமென்றால் 12 படி ஓட்டத்தில் கருவைத் தேர்ந்தெடுத்து, பிடித்த சீட் எண்ணை மட்டும் 30 படியில் ஓட்டிப் பாருங்கள். அமைப்பு சற்று மாறலாம், பெரும்பாலும் தப்பாது.

கேள்வி: ஏஐயில் செய்த பூப்படங்களை வாழ்த்து அட்டையாக விற்கலாமா? உரிமை யாருக்கு? (வாசகி, புதுச்சேரி)

பதில்: முதலில் மாடலின் உரிமத்தைப் பாருங்கள். ஃப்ளக்ஸ் என்ற பட மாடல் வரிசையில் 'ஷ்னெல்' அபாச்சி 2.0 என்ற திறந்த உரிமத்தில் வந்தது; வணிகத்துக்குத் தடை இல்லை. அதே வரிசையின் 'டெவ்' வகைக்கு வேறு உரிமம், கட்டுப்பாடுகள் உண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 2(டி)(6), கணினி உருவாக்கிய படைப்புக்கு 'அது உருவாகக் காரணமானவரை' ஆசிரியர் என்கிறது. இன்றைய ஏஐ பிறப்பதற்கு வெகு முன்பே எழுதப்பட்ட வரி அது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், வெறும் பிராம்ப்ட் தட்டியதால் மட்டும் உரிமை கிடைக்காது, மனிதரின் படைப்புப் பங்கு வேண்டும் என்று 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. எங்கே கேள்வி எழுந்தாலும் உங்களைக் காப்பது உங்கள் கைவேலைதான். கோட்டுருவம், அசல் புகைப்படம், லேயர் கோப்பு, இடைக்காலப் பதிப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருங்கள்.

வாழும் ஓவியர் ஒருவரின் பெயரைப் பிராம்ப்ட்டில் போட்டு அவர் பாணியை எடுத்து விற்காதீர்கள். சட்டம் என்ன சொன்னாலும் அது அவர் பிழைப்பில் கை வைப்பது. பழைய தாவர ஓவியப் பாணி வேண்டுமென்றால் நமக்கே ஒரு செல்வம் இருக்கிறது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை மெட்ராஸில் வெளியிட்ட தொகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உண்டு; அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் பகுதி ஓவியர்கள். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் வண்ணமில்லாத கோட்டு ஓவியங்கள் என்பதால் கண்ட்ரோல்நெட்டுக்கு அப்படியே பொருந்தும். பயன்படுத்தினால் அட்டையின் பின்புறம் அந்த இரு ஓவியர்களின் பெயரையும் அச்சிடுங்கள்.

கேள்வி: திரையில் மின்னிய படம் ஏ3 அச்சில் மங்கி, இருண்டு வந்தது. பெரிதாக்கியபோது இலைகளுக்கு நடுவே கேட்காத குட்டிப் பூக்களும் முளைத்துவிட்டன. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. குட்டிப் பூக்களை முதலில் பார்ப்போம். பெரிதாக்கும் கருவி படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மறுபடி வரைகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 'சிவந்த பூ' என்ற முழுப் பிராம்ப்ட்டும் போகிறது, டீநாய்ஸ் 0.4க்கு மேல் இருந்தால் வெறும் இலை இருக்கும் துண்டிலும் அது ஒரு பூவைப் போட்டுவிடும். டீநாய்ஸை 0.2 முதல் 0.3க்குள் வையுங்கள். பிராம்ப்ட்டில் பூவை எடுத்துவிட்டு 'தெளிவான மேற்பரப்பு' போன்ற பொதுச் சொற்களை மட்டும் விடுங்கள். மூலப் படத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் டைல் கண்ட்ரோல்நெட்டைச் சேர்த்தால் இன்னும் பத்திரம். இப்படி இருமடங்காக்கிய பிறகு, அடுத்த இருமடங்கை ரியல்-ஈஎஸ்ஆர்கேன் என்ற பெரிதாக்கும் மென்பொருள் மூலம் மறுவரைதல் இல்லாமல் செய்யுங்கள்.

ஏ3க்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508 × 4961 பிக்சல் வேண்டும். 832 × 1216இல் தொடங்கி நான்கு மடங்காக்கினால் 3328 × 4864. அகலத்தில் அங்குலத்துக்கு 285 புள்ளி கிடைக்கும், உயரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். அது போதும். அந்த வெட்டுக்காக மேலும் கீழும் சிறிது வெற்றிடம் விட்டே வரையுங்கள்.

மங்கல் வருவது நிறத்தால். கிளிப்பச்சை, மயில்நீலம் போன்றவை திரையின் ஒளியில் உண்டு. அச்சின் நான்கு வண்ண சிஎம்ஒய்கே மையில் அவ்வளவு தூரம் எட்டாது. அச்சகத்திடம் அவர்கள் தாளுக்கான ஐசிசி கோப்பை (நிற விவரக் கோப்பு) வாங்கி, கிரிட்டா அல்லது கிம்ப் ஓவிய மென்பொருளில் சாஃப்ட் புரூஃப் (அச்சின் திரை முன்னோட்டம்) போட்டுப் பாருங்கள். எட்டாத பகுதிகள் தெரியும். அங்கே செறிவை மட்டும் மெல்லக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் நிழலைக் கொஞ்சம் ஆழமாக்கினால் பச்சை மீண்டும் எழும். இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் திரையின் வெளிச்சம். முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியிருப்பீர்கள். பாதிக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் அளவில் திருத்துங்கள்.

கோப்பை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். முழுத் தாளுக்கு முன், மிகப் பிரகாசமான பகுதியும் மிக இருண்ட பகுதியும் சேர்ந்து வரும் 10 சென்டிமீட்டர் பட்டை ஒன்றை அதே தாளில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.